அக்ஸீட் - எங்க ஊர் வினைச்சொல்

போன வாரம் பொண்ணு ஸ்பெல்லிங் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அக்ஸீட்னா என்ன?" என் காதில் எக்ஸீட் என்று விழ, "மிஞ்சறது" என்றேன். "இது ஏ-ல ஆரம்பிக்குது" என்று முறைத்தாள். அகராதியைப் பார்த்ததும்தான், அடடா, இது எங்க திருவனந்தபுரத்து வார்த்தையாச்சே என்று உறைத்தது!

லத்தீனில் 'கிட்டப் போவது' என்று பொருள்படும் வேர். ஆங்கிலத்தில் வேண்டுகோளுக்கு இணங்கினாலும், அரியணை ஏறினாலும், உடன்படிக்கையில் சேர்ந்தாலும் இதே வினைதான். பின்னால் 'டு' மட்டும் மறக்கக்கூடாது.

1924-ல் சித்திரைத் திருநாள், 11 வயதில், திருவிதாங்கூர் அரியணைக்கு அக்ஸீட் ஆனார். (ஆட்சி கைக்கு வந்தது 1931-ல்.) அதே மகாராஜா 1947 ஜூலை 30-ல் இந்தியாவுக்கு அக்ஸீட் செய்யச் சம்மதித்தார். ஏறவும் அதே சொல், இறங்கவும் அதே சொல்.

நடுவில் நடந்தது லேசுப்பட்டதில்லை. ஜூன் 11-ல் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25 ராத்திரி, சங்கீத அகாடமி விழாவிலிருந்து கிளம்பும்போது கே.சி.எஸ். மணி அவரை வெட்டினார். அஞ்சே நாளில் சம்மதம் போய்விட்டது.

அக்ஸீட் என்றால் கரைந்துபோவது இல்லை. 1935 சட்டத்தில், சமஸ்தானங்கள் கூட்டாட்சியில் சேர்வதற்கென்று போட்ட சொல் அது. 1947-ல் ராஜாக்கள் ஒப்புக்கொடுத்தது பாதுகாப்பு, வெளியுறவு, தபால்-தந்தி-ரயில் வகையறா, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவர்களிடமே. அந்த மென்மையான சொல்லால்தான் பலர் கையெழுத்தே போட்டார்கள் என்பது என் கட்சி. 1949-ல் கொச்சியோடு இணைந்தபோது தனி சமஸ்தானமே இல்லை.

இதில் எங்கேயும் எழுவாய் ஜனங்கள் இல்லை, கவனித்தீர்களா?

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு, அன்றைய மெட்ராஸ் மாநிலத்தோடு, சேர்ந்தன. கரமனையில் எங்க தாத்தா வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் தங்கையை நாகர்கோவிலில் கொடுத்திருந்தது. கரமனைப் பாலம் தாண்டிப் போகும் அதே ரோடு, அதே பஸ், ஆனால் தங்கை வேறு மாநிலம். "அவளுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுத்து, எனக்கு ஆர்டர் வரலை" என்பார் தாத்தா, வெற்றிலையை மடித்தபடி.

பொண்ணிடம் இதைச் சொன்னேன்.

"ட்ரான்ஸ்ஃபர் ரொம்ப ஈஸிப்பா. லிஸ்ட்லயே இல்லை" என்று அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள்.