குழிப்பந்தாட்டத்தின் சொற்கள்: வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் மொழி

'கோல்ஃப்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு சொற்பிறப்புக் கதை நெடுநாளாக உலவி வருகிறது. 'ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்' என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இப்பெயராயின என்பது அக்கதை. வகுப்பறைகளிலும் வினாடி வினாப் போட்டிகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் இது ஐயமற்ற உண்மைபோலச் சொல்லப்படுகிறது. ஆனால் முதலெழுத்துகளைக் கோத்துப் புதுச்சொல் படைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பெருவழக்கானது 20ஆம் நூற்றாண்டில்தான். 'கோல்ஃப்' என்னும் சொல்லோ 1457ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. ஸ்காட்லாந்து மன்னன் இரண்டாம் ஜேம்ஸின் நாடாளுமன்றம் அவ்வாண்டில் கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்தது. மக்கள் விற்பயிற்சியைக் கைவிட்டு இவ்விளையாட்டுகளில் பொழுது கழிக்கின்றனர் என்பதே அரசின் கவலை. 1471இலும் 1491இலும் அதே தடை மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. மூன்று முறை தடைசெய்ய நேர்ந்தது என்றால் தடையை எவரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வெளிப்படை. இச்சொல் எழுத்துலகில் நுழைந்ததே ஒரு தடையாணையின் வழியாகத்தான்.

தமிழறிந்தோர்க்கு வேறொரு மயக்கம் எழக்கூடும். மட்டையால் அடித்து ஆடும் ஆட்டத்தின் பெயரில் 'கோல்' ஒலிக்கிறதே என்று தோன்றலாம். இடைக்கால டச்சு மொழியில் தண்டு, மட்டை என்னும் பொருள்படும் 'கோல்ஃப்' என்ற சொல் வல்லொலியில் தொடங்கி வழங்கியதும் உண்மை. வடகடல் வணிகத்தால் ஸ்காட்லாந்தும் தாழ்நிலநாடுகளும் நெருங்கிப் பழகியவை என்பதால், பல அறிஞர்கள் ஸ்காட்டியச் சொல்லை அதனோடு தொடர்புபடுத்துகின்றனர். எனினும் ஸ்காட்டியப் பதிவுகளில் இச்சொல் எப்போதும் மெல்லிய 'க'வொலியிலேயே தொடங்குவதால், அத்தொடர்பும் முற்றாக நிறுவப்பட்டதன்று. பக்கத்து நாட்டு மொழியோடுள்ள உறவை ஏற்பதற்கே இத்தனை தயக்கம் இருக்கும்போது, ஒலி ஒப்புமை ஒன்றையே சான்றாக்கித் தமிழ்க் கோலை அங்கே கொண்டு நிறுத்துவது ஆராய்ச்சியாகாது. ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமப்பவரைக் குறிக்கும் 'கேடி' என்னும் சொல்லும் இத்தகைய எச்சரிக்கையையே தருகிறது. தமிழில் போக்கிரியைக் குறிக்கும் 'கேடி', காவல் துறைப் பதிவேட்டின் இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து பிறந்தது. கோல்ஃப் கேடிக்கும் அதற்கும் எழுத்தொற்றுமையன்றி வேறு உறவில்லை.

முதலெழுத்துக் கதை பொய்யே. ஆனால் அது சுட்டும் விலக்கல் பொய்யன்று. 1744இல் லீத் நகரில் ஆட்டத்திற்குப் பதின்மூன்று விதிகளை எழுத்தில் வகுத்த எடின்பரோ ஆட்டக்காரர் மன்றம், பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவெடுத்தது 2017இல். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை. உலக விதிகளைப் பேணிய செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 2014இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதே ஊரில் பெண்கள் தங்களுக்கெனத் தனி மன்றம் அமைத்தது 1867இல். கோல்ஃபின் வரலாறு, உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வியோடு பிணைந்தது. அதன் கலைச்சொற்களைக் கூர்ந்து நோக்கினால், வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் வாழ்வு அவற்றுள் பதிந்திருப்பது தெரியும்.

ஆட்டத்தின் அடிப்படைச் சொற்கள் பல ஸ்காட்டியக் குடியானவர் பேச்சிலிருந்து வந்தவை. மட்டை வீச்சில் பெயரும் புல்மண் துண்டுக்கு 'டிவட்' என்று பெயர். அதனைப் பழைய இடத்திலேயே பொருத்திவிட்டுச் செல்வது இன்று ஆட்டப் பண்பாடு. ஸ்காட்லாந்தின் ஏழைக் குடில்களில் கூரை வேயவும் சுவர்மேல் மூடவும் வெட்டியெடுக்கப்பட்ட புற்கரணைக்கே முதலில் 'டிவட்' என்று பெயர். பிறர் நிலத்தில் அதனை வெட்டிக்கொள்ளும் உரிமை ஸ்காட்டியச் சட்டத்தில் தனி உரிமையாகவே அறியப்பட்டிருந்தது. குடியானவனின் கூரை, கனவான்களின் ஆட்டத்தில் மன்னிப்புக்குரிய சிறு சேதமாயிற்று. மணற்குழியைக் குறிக்கும் 'பங்கர்', பேழை அல்லது பெட்டிபோன்ற இருக்கையைக் குறித்த ஸ்காட்டியச் சொல். 'பட்' என்பது தள்ளுதல், உந்துதல் என்னும் பொருளது. பந்தை ஏந்தும் 'டீ', 17ஆம் நூற்றாண்டில் 'டீஸ்' என்றே வழங்கியது. இறுதி ஒலியைப் பன்மை விகுதி எனப் பிறழ உணர்ந்து கழித்துவிட்டதால் 'டீ' எஞ்சியது.

'லிங்க்ஸ்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விரிவானது. மேட்டு நிலம், சரிவு எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அதன் வேர். ஸ்காட்லாந்தில் அது, கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடந்த புல்படர்ந்த மணல்வெளியைக் குறித்தது. உழவுக்கு உதவாத அந்நிலம் பெரும்பாலும் ஊர்ப்பொது. நம் நெய்தல் நிலத்து மணல்மேடுகளைப் போலவே அங்கும் பலர் பலவகையில் புழங்கினர். 1552இல் பேராயர் ஹாமில்டன் வழங்கிய பட்டயம் ஒன்று, அங்கு முயல் வளர்க்கும் உரிமையைப் பேசுகையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் அதே வெளியில் கோல்ஃப் ஆடும் உரிமையையும் உறுதிசெய்தது. ஆகவே, எழுத்துச் சான்றின்படி அவ்வெளி எந்த மன்றத்துக்கும் உரியதாயிருக்கவில்லை, ஊருக்கே உரியதாயிருந்தது. மன்றங்கள் தோன்றியது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர்.

இச்சொற்களை முதன்முதலாக முறைப்படத் தொகுத்தவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர். அபர்தீன் நகரின் டேவிட் வெடர்பர்ன், மாணவர்க்கு இலத்தீன் கற்பிக்க 1636இல் வெளியிட்ட சொற்றொகுதியில் கோல்ஃபுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். மட்டைக்கு 'பாகுலஸ்', குழிக்கு 'ஃபோவியா' என இலத்தீன் நிகர்ச்சொற்கள் தந்தார். சிறுவர் நாளும் ஆடும் ஆட்டத்தின் வழியே அயல்மொழியைப் புகட்டுவது அவர் உத்தி. நிகண்டு மரபில் பழகியவர்க்கு இம்முயற்சி அயலாகத் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டத்தின் மொழி மண்ணிலிருந்து எண்ணுக்கு மாறியது. 1870இல் டோல்மன் என்னும் எழுத்தாளர், பிரெஸ்ட்விக் திடலின் 12 குழிகளையும் பிழையின்றி முடிக்க எத்தனை அடிகள் தேவை என்று தேர்ந்த ஆட்டக்காரர் இருவரை வினவினார். 49 என்று விடை வந்தது. அவ்வளவைக் குறிக்கப் பங்குச்சந்தையில் முகமதிப்பைச் சுட்டும் 'பார்' என்னும் சொல்லை அவர் எடுத்தாண்டார். அவ்வாண்டுப் போட்டியில் இளைய டாம் மாரிஸ் மூன்று சுற்றுகளை 149 அடிகளில் முடித்து வென்றார். 'பார்' அளவான 147ஐவிட இரண்டே அடிகள் மிகுதி. திறமைக்கும் பங்குப் பத்திரத்துக்கும் ஒரே சொல் பொருந்திப் போனது தற்செயலன்று. ஆட்டத்தின் புரவலர்கள் அப்போது தொழிலதிபர்களாகவும் வணிகர்களாகவும் மாறிக்கொண்டிருந்தனர். அமெரிக்கர் 1911இல் 'பார்' அளவை அதிகாரமுறையில் வரையறுத்தனர்.

'போகி'யின் கதை இன்னும் வியப்பானது. 1890இல் கோவென்ட்ரி நகரின் ஹியூ ரோதரம், ஒவ்வொரு குழிக்கும் நிலையான ஓர் அளவை வைத்து அதனோடு போட்டியிடும் முறையை முன்மொழிந்தார். அக்காலத்து இசையரங்குப் பாடல் ஒன்றில் வரும் பூச்சாண்டியான 'போகி', எவராலும் எளிதில் வெல்லமுடியாத இந்தக் கற்பனை எதிராளியின் பெயராயிற்று. 1892இல் படைத்துறையினரின் மன்றம் ஒன்று, தன் உறுப்பினர் அனைவர்க்கும் பதவிப்பெயர் உண்டு என்பதால், இந்தக் கண்காணா ஆட்டக்காரருக்கும் 'கர்னல்' பட்டம் சூட்டியது. பின்னர் அமெரிக்க வழக்கில் 'பார்' நிலைத்து, 'போகி' அதனினும் ஓரடி மிகுந்த தோல்வியைக் குறிக்கலாயிற்று. ஓரடி குறைந்த வெற்றிக்கு 'பேர்டி' என்னும் பெயரும் அமெரிக்காவில் பிறந்ததே. சிறந்ததைப் 'பறவை' என்றழைத்த அன்றைய கொச்சை வழக்கிலிருந்து அட்லாண்டிக் சிட்டித் திடலில் அது தோன்றியதாகக் கூறுவர்; ஆண்டு 1899 என்றும் 1903 என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. பறவை வந்தபின் கழுகும் ஆல்பட்ராஸும் தொடர்ந்து வந்தன.

'கர்னல் போகி' திடலோடு நின்றுவிடவில்லை. 1914இல் ரிக்கெட்ஸ் என்னும் படை இசைஞர் அப்பெயரில் ஓர் அணிநடை இசையை அமைத்தார். 1957இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படத்தில் போர்க்கைதிகள் சீழ்க்கையடித்து வருவது அந்த இசையையே. படம் பெரிதும் இலங்கையில் எடுக்கப்பட்டது. அது பேசும் சயாம்-பர்மா இரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். படத்தின் நடுவே நிற்பவர்களோ பிரிட்டிஷ் கைதிகள். கற்பனைக் கர்னலின் பெயரை உலகம் அறியும். மெய்யாகவே சுமந்து மடிந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை.

சுமப்பவர் என்றதும் 'கேடி'யிடம் திரும்ப வேண்டியுள்ளது. பிரெஞ்சு மொழியில் இளைய மகனைக் குறித்த 'கேடட்' என்னும் சொல்லே அதன் மூலம். மூத்தவனுக்கே சொத்து என்றிருந்த குடும்பங்களின் இளைய மகன்கள் படையில் சேர்ந்தனர். அதனால் ஒரு கிளையில் அச்சொல் பயிற்சி அதிகாரியைக் குறித்தது. ஸ்காட்லாந்தில் மற்றொரு கிளை தாழ்ந்து தாழ்ந்து, 18ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் கூலிக்குச் செய்தி கொண்டுசெல்வோரையும் ஏவல் செய்வோரையும் குறித்தது. இறுதியில் மட்டைப்பை சுமப்பவரிடம் வந்து நின்றது. இந்த இரட்டைச் சொற்கள் இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு 'கேடட்'டுகளாக இளைஞர்கள் கப்பலேறி வந்தனர். வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிருந்த டம்டமில் 1829இல் தொடங்கிய கோல்ஃப் மன்றமே இன்றைய ராயல் கல்கத்தா மன்றம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. அங்கே மட்டை வீசியவன் கேடட்டின் வழியில் வந்தவன். பையைத் தூக்கியவன் கேடி. ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள் ஆள்வோனையும் ஆளப்படுவோனையும் குறித்து ஒரே புல்வெளியில் நடந்தன.

காலனிய காலத்து ஐரோப்பிய மன்றங்கள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலவில்லை. உழைப்பாளராக நுழைந்தவர்கள் தம் மொழியையும் உடன்கொண்டு சென்றனர். பந்து விழுமிடத்தை முன்சென்று பார்த்து நிற்பவருக்கு ஆங்கிலத்தில் 'ஃபோர்கேடி' என்று பெயர். இந்தியத் திடல்களில் அவர் 'ஆகேவாலா', அதாவது முன்னால் நிற்பவர். நீர் அரிதான திடல்களில் குழியைச் சுற்றிப் பச்சைப்புல் வளராமல் மண்ணையும் மணலையும் இறுக்கி அமைத்தபோது, 'கிரீன்' என்ற பெயர் அங்கே 'பிரவுன்' ஆயிற்று. ஊரின் பெயரே கலைச்சொல்லானதும் உண்டு. ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்துப் பணயம் வைக்கும் முறையை அமெரிக்கர் 'கல்கத்தா' என்கின்றனர். கல்கத்தாக் குதிரைப்பந்தயத்தின் பணயமுறை தந்த பெயர் அது. 1955இல் நியூயார்க் அருகே டீப்டேல் மன்றத்தில் தங்கள் திறனளவைப் பொய்யாகக் காட்டியவர்கள் அத்தகைய ஏலப்போட்டியில் வென்றது பெரும் ஊழலாக வெடித்தது.

பை சுமந்தவர்களின் வழியிலிருந்தே விடுதலை இந்தியாவின் கோல்ஃப் வெற்றிகள் சில விளைந்தன. டெல்லி மன்றத்தில் கேடியாயிருந்த அலி ஷேர், 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்த ஊழியரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, அதே போட்டியை 2016இலும் 2017இலும் வென்றார். குழியருகே பந்தைத் தூக்கியடிக்கும் 'சிப்', உருட்டும் 'பட்' ஆகிய இரண்டிலும் அவருக்குள்ள கைத்திறம் கண்டு, அவர் பெயரோடு அவற்றை இணைத்து 'சிப்பட்சியா' என்று அழைத்தனர். தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தவரின் குடும்பப் பெயர் ஆட்டமொழியின் இரண்டு சொற்களோடு ஒட்டிக்கொண்டது.

சொற்கள் நிலைப்பதுபோலவே மறையவும் செய்யும். மாஷி, நிப்ளிக், கிளீக், பிராசி என மட்டைகளுக்குக் கொல்லரும் தச்சரும் வழங்கிய பெயர்கள், எஃகுத் தண்டு மட்டைகள் ஆலைகளிலிருந்து வரிசையெண்ணோடு வரத்தொடங்கியதும் ஓரிரு தலைமுறைக்குள் வழக்கொழிந்தன. அவை அச்சேறியிருந்ததால் இன்று ஆராய முடிகிறது. இந்தியக் கேடிகளின் பேச்சுமொழிக்கு அந்தக் காப்பு இல்லை. காற்றையும் சரிவையும் புல்லின் போக்கையும் சுட்ட அவர்கள் இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் ஆளும் சொற்கள் வாய்மொழியாகவே கைமாறுகின்றன. பை சுமக்க மின்வண்டி வந்துவிட்ட இந்நாளில் அந்தக் கைமாற்றமும் அருகி வருகிறது. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர், கொல்கத்தா, ஷில்லாங் என நூறாண்டு கடந்த திடல்கள் இன்னும் இயங்குகின்றன. முதிய கேடிகளும் அங்கே இருக்கின்றனர். மொழியியல் மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களுடன் பதினெட்டுக் குழிகளும் நடந்து வந்தால், வெடர்பர்ன் தம் மாணவர்க்குச் செய்ததைப் போன்றதொரு சொற்றொகுதி இந்திய மொழிகளுக்கும் கிடைக்கும்.