தண்ணீர்மேல் ஏற்றிய பாரம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுத வருபவர்கள் பெரும்பாலும் போர்களையே எழுதுகிறார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியது, டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் அதை மாறி மாறிப் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் வந்தது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது எல்லாம் அதில் வந்துவிடும். எதிரி என்று ஒருவரும் இல்லாமல் இந்த மாவட்டத்தில் நேர்ந்த அழிவுகள் வருவதில்லை. 1944, 1986, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே கணக்கு மூன்று முறை தவறியிருப்பது தெரியும். தண்ணீரில் மிதக்கிற ஒன்றின் மேலோ, தண்ணீரைத் தடுத்து நிற்கிற ஒன்றின் மேலோ எவ்வளவு பாரம் ஏற்றலாம், அதை எந்த இடத்தில் ஏற்றலாம் என்பதே அந்தக் கணக்கு. உலகத்துக்கு அது புதியதல்ல. கப்பல் எப்போது கவிழும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746இலேயே நூலாக எழுதிவிட்டார். மண்ணுக்குள் தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் கார்ல் தெர்சாகி 1925இல் தனி அறிவியலாக்கினார். அந்த அறிவு திருகோணமலையில் குடியேறவில்லை என்பதே என் வாதம்.

முதல் விபத்து நடந்தது பிரித்தானியக் கடற்படையின் கையில். 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட ‘வேலியண்ட்’ என்ற போர்க்கப்பலைப் பழுதுபார்க்க மிதக்கும் துறை ஒன்றில் ஏற்றினார்கள். மிதக்கும் துறை என்பது இருபுறமும் சுவர் எழுந்த பெரிய இரும்புத் தொட்டி. அதன் அடியிலுள்ள அறைகளில் தண்ணீரை நிரப்பினால் அமிழும். கப்பல் உள்ளே வரும். தண்ணீரை இறைத்தால் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும். எந்த அறையை முதலில் இறைப்பது, எதைப் பின்னால் இறைப்பது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. கப்பலின் பாரம் எங்கே கூடுதலாக இறங்குகிறதோ அங்கே தாங்குதலும் கூட வேண்டும். அன்று இறைத்த ஒழுங்கு அந்தக் கப்பலின் பாரப் பரம்பலுக்குப் பொருந்தவில்லை. போதாததற்குக் கப்பலில் வெடிமருந்து நிறைய இருந்தது. துறையின் முதுகு முறிந்தது, அது மூழ்கியது. கப்பல் தப்பினாலும் அதன் உள் சுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் சிக்கிக்கொண்டன. உலகின் முதன்மையான கடற்படைகளுள் ஒன்று, பயிற்சி பெற்ற ஆட்களோடும் வரைபடங்களோடும் இருந்துகொண்டே செய்த பிழை இது. இந்தப் பிழையிலிருந்து படிக்க வேண்டியவர்கள் திருகோணமலையில் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்தான் தொடங்கியிருந்தது. அதன் பொறியியல் பீடம் 1950இல்தான் வந்தது, அதுவும் கொழும்பில். துறைமுகத்தில் கப்பல் இருந்தது, சீனன்குடாவில் வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன. அவற்றைப் பற்றிய படிப்பு கடல் கடந்து இருந்தது.

இரண்டாவது விபத்து ஊரின் கையில். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600க்கு மேற்பட்ட வீடுகளும் 2,000 ஏக்கர் வயலும் போயின. பதினாலாயிரம் அடி நீளமும் ஐம்பது அடிக்கு மேல் உயரமும் கொண்ட இந்தக் கட்டு மறிப்பது கொட்டியாரக் குடாவில் விழும் பேராற்றை. ஆகவே குளமும் துறைமுகமும் ஒரே நீரின் இரு முனைகள். பட்டணத்தின் குடிதண்ணீரும் கந்தளாயிலிருந்தே வருகிறது. கட்டு உடைந்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது, அதன்மேல் மிகக் கனமான வாகனங்கள் ஓடியது. மண்கட்டு என்பது ஒரே கல் அல்ல. மேலே பாரம் ஏற ஏற அது அமிழும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். எல்லா மண்கட்டும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு தெளிந்த நீராக வரும்வரை பயமில்லை. கலங்கலாக வரத் தொடங்கினால், தண்ணீர் தன்னோடு மண்ணையும் எடுத்துவருகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கத்தில் தொடங்கும் சிறு துளை பின்னோக்கித் தோண்டிக்கொண்டே குளத்தை நோக்கிப் போகும். துளை குளத்தைத் தொட்டுவிட்டால் பிறகு மண்மூட்டையால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு சிரட்டையில் கசிவுநீரை ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியக்கூடிய வித்தியாசம் இது. ஆனால் அந்தச் சிரட்டையை யார், எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏந்துவது என்று எழுதி வைத்து, பார்த்ததைக் குறித்து வர ஓர் ஏற்பாடு வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பாளி நூல்கள் இந்தக் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகச் சொல்கின்றன. கோணேசர் கல்வெட்டு என்ற தமிழ் நூல் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதாகச் சொல்கிறது. எப்படியானாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பல்கலைக்கழகம் எதுவும் இல்லாமலே நின்ற கட்டுக்கு இப்போது எதற்கு ஆய்வு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது சும்மா நிற்கவில்லை. கட்டுக்கு மண் போடுவதும் துருசு என்ற மதகைப் பார்ப்பதும் ஆட்களின் கடமையாக வகுக்கப்பட்டிருந்தன. சோழர் காலத்தில் கந்தளாயில் பிராமணர்க்கான ஊராகிய சதுர்வேதிமங்கலம் ஒன்றே இருந்தது; குளமும் வயலும் ஊர்ச்சபையும் ஒன்றையொன்று அண்டித்தான் வாழ்ந்திருக்க வேண்டும். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இல் நீக்கப்பட்டது. ஊழியம் கொடியதாக இருந்தது. அதை நீக்கியது சரி. ஆனால் அதோடு இலங்கையின் குளங்களைக் காத்த ஒழுங்கும் போனது. அதைச் சீராக்கவே 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது, 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் வந்தது. பழைய ஒழுங்கு போன இடத்தில் புதிய அறிவு முழுமையாக உட்காரவில்லை. வயலுக்கு நீர் பங்கிடுவதை மேற்பார்க்கும் வட்டவிதானைக்கு வயலின் நீர் தெரியும். லொறியின் தொன் கணக்கு தெரியாது. தொன் கணக்குத் தெரிந்த பொறியியலாளர் பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்து, தூரத்து அலுவலகத்தில் இருந்தார். இருவரும் பேசிக்கொள்ள இடம் இருக்கவில்லை.

கட்டு உடைந்தது உள்நாட்டு யுத்த காலத்தில், ஆய்வு செய்ய யார் வருவார் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். 1986இல் அந்த வீதிகளில் பயணம் செய்வதே உயிராபத்து. ஆனால் இது என் வாதத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது: தெரிந்தவன் வெளியூரில் இருந்தால், வீதி மூடும்போது அறிவும் மூடிவிடும். கட்டு 1987இல் மீண்டும் எழுந்தது. நாடு தழுவிய அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உலக வங்கிக் கடனுடன் தொடங்க 2008 ஆயிற்று. கட்டு உடைந்து இருபத்திரண்டு ஆண்டுகள்.

யுத்தம் முடிந்த பின்னும் அந்தக் கணக்கு ஒரு முறை தவறியது. இதே மாவட்டத்தின் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காகப் பழையதை எடுத்திருந்தார்கள். மக்கள் கடக்கப் படகுப் பாதை ஒன்று ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் இறந்தார்கள். ஆட்கள் அளவுக்கு மிஞ்சி ஏறியிருந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. இது ஆய்வுக் குறை அல்ல, அதிகாரிகளின் கவனக்குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. கவனக்குறைவை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் கவனமுள்ள அதிகாரி ஒருவர் அன்று கரையில் நின்றிருந்தாலும் எத்தனை பேரோடு நிறுத்தியிருப்பார்? அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மிதவையின் அகலம், ஆழம், நிற்கும் ஆட்களின் சராசரி எடை, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு எவ்வளவு தாழும் என்பவற்றை மாணவர் நான்கு பேர் ஒரு நாளில் அளந்துவிடலாம். பூகே சொன்னதுதான், இருநூற்றெழுபது ஆண்டுக்கும் மேல் பழைய கணக்கு.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமாயிற்று. கந்தளாய் உடைந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். அதன் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே வணிகம், தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் படிக்கலாம். துறைமுக மாவட்டத்தின் வளாகத்தில் பொறியியல் இல்லை என்பது எனக்கு வருத்தம். ஆனாலும் அளப்பதற்கும் எண்ணுவதற்கும் பிரயோக விஞ்ஞானம் போதும். ஒரு படகுப் பாதைக்கு, ஒரு கட்டுவீதிக்கு, ஒரு எண்ணெய்த் தாங்கிக்குப் பாதுகாப்புச் செய்ய என்ன செலவாகும், செய்யாவிட்டால் என்ன இழப்பு என்று கணக்கிட வணிக பீடமும் போதும். ஆண்டுதோறும் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். கந்தளாய்க் கட்டின் வெளிச்சரிவில் கசிவு எங்கெங்கே வருகிறது, மாரியில் எப்படி, கோடையில் எப்படி என்று பத்து ஆண்டு குறித்து வந்தால் அந்தக் குறிப்பேட்டை வட்டவிதானையும் பொறியியலாளரும் ஒரே மேசையில் விரிக்கலாம்.