கடை விரிக்க ஓரிடம், கலை நிகழ்த்த ஓரரங்கு

ஒரு நகரத்தின் பெருமையை அதன் கோட்டை கொத்தளங்களைக் கொண்டு அளப்பது வரலாற்றாசிரியர் வழக்கம். தலையில் கூடை சுமந்து வரும் பெண் அந்நகரில் எங்கே அமர்ந்து விற்கிறாள், அவளை எழுப்பும் அதிகாரம் எவருக்கு உண்டு, கலைஞன் எவ்விடத்தில் நின்று பாடலாம் என்னும் வினாக்களை வரலாற்று நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன. ஆயினும் எத்தனையோ எளிய குடும்பங்களில் அடுப்பு எரிவதும் அணைவதும் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே உள்ளன. புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றை இந்த ஒரு நோக்கில் மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

கல்லில் எழுதிய உரிமை

இச்சீமை வணிகத்திற்குப் புதியதன்று. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரைக் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. திசையாயிரத்து ஐநூற்றுவர் எனப் புகழ்பெற்ற பெருங்குழுவைக் குறிக்கும் பழைய தமிழ்க் கல்வெட்டுக்களுள் ஒன்று இம்மாவட்டத்து முனசந்தையில் உள்ளது. ஊர்ப் பெயரிலேயே சந்தை இருப்பது நோக்கத்தக்கது.

மணிக்கிராமத்தாருடன் சேர்த்துப் பேசப்படும் மற்றொரு குழு அஞ்சுவண்ணம். மேற்கு ஆசியாவிலிருந்து கடல் வழியே வந்த வணிகரின் குழு அது. கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு இவ்விரு குழுவினர்க்கும் உரிய உரிமைகளையும் கடமைகளையும் வகுக்கிறது. அச்செப்பேட்டில் அரபியின் கூஃபி எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலமைந்த பாரசீகத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. நமது கடற்கரைக்கு மிக அண்மையில், தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்திலும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று அஞ்சுவண்ணத்தாரையும் மணிக்கிராமத்தாரையும் ஏனைய வணிகரோடு ஒரே அவையில் அமர்த்திக் காட்டுகிறது. வணிகர் தமக்குள் கூடித் தீர்மானம் செய்தனர். அத்தீர்மானம் கல்லில் ஏறியது.

ஆனால் இவர்கள் பெருவணிகர். சிறுகடைக்காரர் கல்வெட்டில் பெரும்பாலும் வரியின் வடிவிலேயே காட்சி தருகின்றனர். அங்காடிப் பாட்டம், தறியிறை, செக்கிறை, தட்டாரப் பாட்டம் என்பன சோழர், பாண்டியர் காலத்து வரிப் பெயர்கள். சந்தையில் அமர்ந்தவரும், தறியில் இருந்தவரும், செக்கு ஓட்டியவரும், பொன் உருக்கியவரும் தத்தம் பங்கைச் செலுத்தினர். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் தறிக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் விதித்த வரியை ‘மொத்தர்பா’ என்றனர். தொழில் புரிவோரைக் குறிக்கும் ‘முஹ்தரிஃபா’ என்னும் அரபிச் சொல்லின் சிதைவே அது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வரி கைவிடப்பட்டது. வரிகளின் பெயர் மாறியதே அன்றி, கொடுப்பவர் மாறவில்லை.

கலைஞர் நிலை வேறு. திருவேங்கைவாசல் கோயிற் கல்வெட்டொன்று, ஏழுநாட்டு நங்கை என்னும் சாந்திக்கூத்திக்குத் திருவிழாவில் கூத்தாடுவதற்காக நிலம் விட்ட செய்தியைத் தருகிறது. கலைஞரின் பெயர், ஆடவேண்டிய திருநாள், அதற்கான ஊதியம் ஆகிய மூன்றும் எழுத்தில் உள்ளன. வாய்மொழி வாக்குறுதியோடு கலைஞரை அனுப்பிவிடாத காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது என்பதற்கு அக்கல்லே சான்று.

மதீனாவின் சந்தை

நகரத்தின் கடமை யாது என்பதற்கு அரபு நாட்டு வரலாற்றிலும் ஒரு விளக்கம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் சந்தைக்கென ஓர் இடத்தைக் காட்டி, அதனை எவரும் குறுக்கலாகாது, அங்கே வரி விதிக்கலாகாது என்ற கருத்துப்படக் கூறியதாக அறிவிப்பு உண்டு. தொடக்க காலச் சந்தைகளில், பள்ளிவாசலில் முன்வந்தவர் முன்வரிசையில் அமர்வது போல், முதலில் வந்து இடம் பிடித்தவரே அன்றைய பொழுது முடியும் வரை அவ்விடத்திற்கு உரியவர் என்னும் முறை இருந்ததென்பதைப் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பின்னர் நகரங்கள் பெருகியபோது ‘முஹ்தஸிப்’ என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் பதவி வளர்ந்தது. கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள் ஆட்சியியல் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இப்பதவிக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார்கள். எடையையும் அளவையையும் சோதித்தல், கலப்படம் தடுத்தல், வழி நடப்போர்க்கு இடையூறான ஆக்கிரமிப்பை நீக்குதல் ஆகியவை முஹ்தஸிபின் பணிகள். விற்பவர்க்கு இடம் வேண்டும். நடப்பவர்க்கு வழி வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதே நகர ஆட்சியின் கலை. இன்றைய நகராட்சி ஆணையரின் மேசைக்கு வரும் வழக்கும் இதுவேயாம்.

அரண்மனையின் கொடை

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம் ஈகைக்குப் பெயர் பெற்றது. நவராத்திரிக் காலத்தில் அரிசியுடன் அம்மன் காசு வழங்குவது அரண்மனை வழக்கம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு அது. ரூபாய் ஒன்றுக்கு 320 அம்மன் காசு என்பது கணக்கு. சில்லறை வணிகத்திற்கு இக்காசு பெருந்துணையாயிற்று. கையில் ஒரு ரூபாய் இல்லாதவரும் ஒரு காசுக்கு ஏதேனும் வாங்க முடிந்தது.

கலையிலும் புதுக்கோட்டை தனக்கென ஒரு பெயர் பெற்றது. கஞ்சிராவைக் கருநாடக இசை மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை இவ்வூரார். அவர் வழி வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர். கஞ்சிரா, நம் வீட்டு வாசல்களில் பக்கீர்கள் தட்டிப் பாடும் தாயிராவின் உறவினது. தாயிரா என்றால் அரபியில் வட்டம். ஒரே வட்டத் தோற்கருவி ஒருவர் கையில் கச்சேரிக் கருவியாயிற்று. மற்றொருவர் கையில் வாசற்படியோடு நின்றுவிட்டது. திறமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. மேடை எவருக்குக் கிடைத்தது என்பதும் ஒரு காரணமாகும்.

அரண்மனையின் ஈகையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் ஈகைக்கு ஓர் எல்லை உண்டு. கொடுப்பவர் மனம் மாறினால் ஈகை நின்றுவிடும். 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது, அரண்மனையை நம்பி வாழ்ந்தோர் எந்த வாசலைத் தட்டுவது என்று அறியாது நின்றனர். கொடை போயிற்று, உரிமை இன்னும் எழுதப்படவில்லை.

நகராட்சியும் புதிய சட்டங்களும்

புதுக்கோட்டை நகராட்சி சமஸ்தான காலத்திலேயே, 1912இல் தோன்றியது. 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் சிறுகடைக்காரரின் வாழ்வு மாறிவிடாது. அவர் வாழ்வை மாற்றக்கூடியவை வேறு சில ஆவணங்கள்.

அவற்றுள் முதலாவது, 1989இல் உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு. தெருவில் வணிகம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழிலுரிமையில் அடங்கும். அரசு அதனை ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம். இரண்டாவது, 1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். நகர அமைப்புக்களிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களை வகுத்த அத்திருத்தம், பூங்காக்கள் மைதானங்களோடு, கல்வி, பண்பாடு, அழகுணர்ச்சி ஆகியவற்றின் வளர்ச்சியையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. சாக்கடையும் தெருவிளக்கும் போலவே கலையும் நகரமன்றத்தின் கணக்கில் வரவேண்டியது என்பது இதன் பொருள்.

மூன்றாவது, 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம். நம் குடும்பங்கள் நன்கு அறிந்திருக்க வேண்டியது இதுவே. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தெருவோர வணிகரைக் கணக்கெடுத்தல் வேண்டும். கணக்கில் வந்தவர்க்கு விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் வெளியேற்றலாகாது. இடம் மாற்ற வேண்டின் 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும்; உரியவர் கோரினால், அழுகும் பொருளாயின் அன்றைக்கே, ஏனையவாயின் இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஐம்பதாண்டு கடந்த சந்தைகளுக்குத் தனிக் காப்பும் சொல்லப்பட்டுள்ளது.

இவற்றைவிட முக்கியமானது நகர விற்பனைக் குழு. ஆணையர் தலைமையிலான அக்குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடங்கள் தெருவோர வணிகரின் பிரதிநிதிகளுக்கு உரியவை. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும் என்பது சட்டத்தின் சொற்களிலேயே உள்ளது. தீர்த்தாண்டதானத்தில் அஞ்சுவண்ணத்தார் அமர்ந்த அவையை நினைவு கூர்க. அன்று பெருவணிகர்க்குக் கிடைத்த இருக்கை இன்று பழக்கூடைக்காரிக்கும் திறந்திருக்கிறது.

2020 ஜூன் மாதம் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டம் தெருவோர வணிகர்க்கு முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கிற்று. 2025இல் அத்தொகை 15,000 ஆக உயர்த்தப்பட்டது. இக்கடன் வட்டியோடு கூடியது என்பதனால் நம்மவருட் பலர் ஒதுங்கி நிற்பர். அது அவரவர் மார்க்கப் பேணுதல். ஆனால் கடன் வேண்டாம் என்பார், அதனோடு சேர்த்துக் கணக்கெடுப்பையும் சான்றிதழையும் வேண்டாமெனத் தள்ளிவிடுவதுதான் வருந்தத்தக்கது. சான்றிதழ் கடனன்று, அதில் வட்டியில்லை. இருக்கும் இடத்திற்கு அது சாட்சி.

மேடை கேட்கும் கலைஞர்

கலைஞரையும் விழா நடத்துவோரையும் சட்டம் நெடுங்காலம் ஐயக் கண்ணோடே நோக்கியது. 1876இல் ஆங்கிலேயர் இயற்றிய நாடகச் சட்டம் ஆட்சிக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடுக்கவே பிறந்தது. விடுதலைக்குப் பின்னரும் 1954இல் தமிழகத்தில் அதே போக்கில் ஒரு சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. புதுக்கோட்டையில் பிறந்து, சிறுவனாக நாடக மேடை ஏறிப் பின் திரையுலகில் ஒளிர்ந்த பி. யு. சின்னப்பா போன்றோரின் தலைமுறை முழுவதும் இத்தகைய சட்டங்களின் நிழலிலேயே நடித்தது.

இன்று விழா நடத்துவோர் அறியவேண்டியவை எளியவை. இடத்திற்கு அதன் உரிமையாளரான மாநகராட்சி அல்லது வேறு துறையின் இசைவு. ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் இசைவு. 2000ஆம் ஆண்டின் விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஆகாது என்னும் நினைவு. இவ்வொழுங்கு கந்தூரிக்கும் மீலாது விழாவுக்கும் திருவிழாவுக்கும் பொதுவானது. காட்டுபாவா பள்ளிவாசல் கந்தூரியாயினும், தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டாயினும், நகர்மன்றத்து இலக்கியக் கூட்டமாயினும், ஒரு விழா ஒழுங்காக நடந்தால் அதன் ஓரத்தில் நூறு சிறுகடைகள் பிழைக்கும். விழா தடைப்பட்டால் முதலில் இழப்பவர் பொரிகடலைக்காரரும் வளையற்காரரும் பலூன்காரருமே.

2007இல் சென்னையில் நடந்த சங்கமம் விழா நாட்டுப்புறக் கலைஞரைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் அழைத்து வந்தது. இடையே நின்ற அவ்விழா 2023இல் மீண்டது. நகரின் பூங்காவே மேடையாகலாம் என்பதை அது காட்டியது. அதே 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் அமைந்தது. பதிவு செய்தவரே அவ்வாரியத்தின் உதவிகளை நாடமுடியும். நம் ஊர்களில் தாயிராப் பாடல் அருகி வருவதை அனைவரும் காண்கிறோம். அதைப் பாடும் முதியோரை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் சேர்க்க முயலாமல், கலை அழிகிறதே என்று மட்டும் கூறிக்கொண்டிருப்பது பயனற்ற புலம்பலாகும்.

நமது கடமை

புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிதோறும் ஆடு விற்பவரும், ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுத்து விற்கும் பெண்களும், பேருந்து நிலையத்து வாயிலில் தேநீர் ஆற்றுபவரும் சட்ட நூல் படிக்க நேரமில்லாதவர்கள். படித்தவர்களின் கடமை அங்கே தொடங்குகிறது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஓய்வுபெற்ற அலுவலர் இருவரும் கல்லூரி மாணவர் இருவரும் முன்வந்தால் போதும். மஹல்லாவில் தெருவோரத்தில் விற்போர் எவர், அவரிடம் சான்றிதழ் உண்டா, கணக்கெடுப்பில் அவர் பெயர் உண்டா, நகர விற்பனைக் குழுவில் எவர் அமர்ந்துள்ளார் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தேடுவது ஒரு மாத வேலை. அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரையும் அப்பட்டியலில் சேர்த்துக் கொள்ளல் வேண்டும். சந்தையில் அமர்பவர்க்கு வெயில் ஒன்றே, மழை ஒன்றே.

ஏழுநாட்டு நங்கையின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது அது எழுதப்பட்டதனால். அவள் காலத்தில் அங்காடிப் பாட்டம் செலுத்திய கூடைக்காரியின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது, அது எழுதப்படவில்லை. இக்காலத்துக் கூடைக்காரியின் பெயரை எழுதச் சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, அலுவலகமும் இருக்கிறது. அவளோடு அவ்வலுவலகம் வரை நடந்து செல்ல ஒருவர் வேண்டும்.