சுவையும் சந்தையும்: ஈழத்துத் தமிழ்ப் பார்வையாளரின் பழம்பெரும் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திரையரங்குக்குச் செல்லத் தொடங்கிய ஈழத்துத் தமிழரிடம் மனதிற்குகந்த பழைய படங்கள் எவையென வினவின், பெரும்பாலும் ஒரே வகையான விடையே கிடைக்கும். பாதாள பைரவி, பராசக்தி, அந்த நாள், நாடோடி மன்னன், பாசமலர் என அது நீளும். சிங்களப் படங்களையும் பார்த்துப் பழகிய கொழும்புவாசி ரேகாவவையும் கம்பெரலியவையும் சேர்த்துக்கொள்வார். 1977 இல் யாழ்ப்பாணத்து வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எடுக்கப்பட்ட 'பொன்மணி' இப்பட்டியலில் அரிதாகவே இடம்பெறும். எமது மதிப்பீட்டில், இந்நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுள் முதலிடத்துக்குரியது அதுவே. நினைவில் உள்ள இவ்விடைவெளியைத் தனிமனித இரசனையின் விளைவு எனக் கொள்வதற்கில்லை. அது உருவான முறை ஆராயப்படவேண்டியது.

இலங்கையிற் சினிமா, தொடக்கத்திலிருந்தே, படமெடுப்போர் கையிலன்றிப் படங்காட்டுவோர் கையிலேயே இருந்தது. 1928 இல் சிற்றம்பலம் கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ், பின்னர் எழுந்த கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட் ஆகியன இறக்குமதியையும் திரையரங்குகளையும் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவை. 1947 சனவரி 21 ஆந் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி அரங்கிலே திரையிடப்பட்ட முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படம்பிடிக்கப்பட்டது தென்னிந்தியாவில். 1953 இல் வெளிவந்த 'சுஜாதா' குணரத்தினத்தின் தயாரிப்பு. இந்திப் படமொன்றின் தழுவல். ஆக, சிங்கள சினிமாவின் தொட்டிற்பருவத்திலே தமிழ் மூலதனத்தின் பங்கு கணிசமானது. அதே மூலதனம் தமிழ்ப் படத் தயாரிப்பில் நாட்டங்கொள்ளாதது ஏன்?

விடை எளிது. சிங்களப் படத்தை வேறெங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது. அதனை உருவாக்கியே ஆகவேண்டும். தமிழ்ப் படமோ சென்னையிலிருந்து ஆயத்தப் பண்டமாக வந்து சேர்ந்தது. நட்சத்திரமும் பாட்டும் விளம்பரமும் கூடவே வந்தன. படப்பிரதி ஒன்றின் விலைக்குக் கிடைப்பதைப் பன்மடங்கு செலவிலே தயாரிக்க எந்த முதலாளி முன்வருவான்? இங்கு மொழிப்பற்று இல்லாமற் போயிற்று என்று வருந்துவோர் உளர். இலாப வீதத்துக்கு மொழிப்பற்று இருந்ததாக வரலாறு இல்லை.

இவ்வாறு வந்த படங்கள் யாவும் வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவது எமது நோக்கமன்று. 1952 இல் வெளிவந்த பராசக்தியை இன்றும் நாம் விரும்பியே பார்க்கிறோம். கோயிலையும் செல்வத்தையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்திய அதன் துணிவு பெரிது. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அப்படத்தின் கதை, றங்கூனிலே பிழைத்த தமிழ்க் குடும்பமொன்று யுத்தத்தாற் சிதறித் தாயகத்தில் ஏதிலியாக அலைவது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டின் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கி நான்காண்டு சென்ற நிலையில், இங்குள்ள பார்வையாளர் பர்மாவிலிருந்து மீண்டோருக்காகக் கண்ணீர் வடித்தனர். தம் அயலிலிருந்த நாடற்றோரைத் திரையிற் காண அவர்கள் 1963 இல் வெளிவந்த 'தோட்டக்காரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனைக் கண்டோரும் சிலரே.

இதற்கிடையிற் சிங்கள சினிமா வேறு திசையிற் சென்றுவிட்டது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ரேகாவவை ஸ்ரூடியோவுக்கு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்தார். சென்னைப் பாணியிலிருந்து விடுபடுதல் என்பது அங்கு கலைப் பிரகடனமாகவே அமைந்தது. தமிழிலே 1962 இல் வந்த 'சமுதாயம்' முதல் முயற்சி என்ற அளவிற் குறிப்பிடத்தக்கது. பின்வந்தவற்றுட் பல சென்னைப் படத்தைக் குறைந்த செலவிற் படியெடுத்தவை. 1972 இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' விதிவிலக்கு. யாழ்ப்பாணக் கிராமத்தை முகங்கொடுத்து நோக்க முனைந்தது.

இவ்விடத்து முற்போக்கு அணியினரின் பொறுப்பையும் கூறாமல் விடுதல் முறையன்று. 1954 இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கோட்பாடுகளை முன்வைத்துப் போராடியது. தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவேண்டுமென்ற குரல் அதன் வழி எழுந்தது. அப்போராட்டத்தால் ஈழத்துச் சிறுகதையும் நாவலும் தமக்கென வாசகரைப் பெற்றன. சினிமாவுக்கு அத்தகைய இயக்கமொன்று எழவில்லை. சஞ்சிகையின் நச்சுப் பற்றி மேடையிற் பேசிவிட்டு மாலைக் காட்சிக்கு வரிசையில் நின்றோர் எம்மிடையே குறைவல்லர்.

எனவே 1972 இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்கைக் கொண்டபோது உள்ளூர்த் தயாரிப்புக்கு இடம் கிடைத்ததேயன்றி, அதனை வரவேற்கும் பார்வையாளர் உருவாகவில்லை. பொன்மணி வந்தது இச்சூழலிலேதான். காவலூர் இராசதுரையின் எழுத்து. நெறியாள்கை, அன்று யாழ்ப்பாண வளாகத்துடன் தொடர்புகொண்டிருந்த தர்மசேன பத்திராஜ. சீதனம் சேராமையால் முதிர்கன்னியாய் நிற்கும் பெண்கள், சாதியை மீறி வெளியேறும் இளையவள், அதற்கு அவள் கொடுக்கும் விலை என்பனவே கதை. நீண்ட காட்சிகள், குறைந்த உரையாடல், வீட்டின் உள்ளிருந்து வெளியை நோக்கும் கமெரா. காதலனின் உலகம் வீட்டின் உலகமளவுக்கு விரியவில்லை என்பது எமக்குள்ள குறை. எனினும் சாதியை ஒரு வில்லனின் குணமாக்காது, அன்பான குடும்பமொன்றின் அன்றாட ஒழுங்காகக் காட்டியமை தமிழ்த் திரையில் அன்றுவரை அரிது.

படம் தோல்வியுற்றது. மந்தகதி என்றனர், பாட்டுக் குறைவென்றனர். தன் வீட்டு முற்றத்தைத் திரையிற் காண யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் விரும்பவில்லை என்பதே இக்காரணங்களுக்குப் பின்னிருந்த காரணம். பாசமலரிலே அண்ணன் தங்கைப் பாசத்துக்கு உருகியவர்க்கு, அப்பாசம் சீதனத்தோடு சேர்ந்து வரும்போது அடையாளம் தெரியவில்லை.

1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் பல அழிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் கொல்லப்பட்டார். 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கியிருந்தன. எனினும் அவற்றிலே தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். வடபகுதியினர் உயரமான அன்ரெனாக்களை நாட்டித் தூரதர்ஷனைப் பிடித்தனர். முன்பு கப்பலில் வந்த படம் இப்போது காற்றில் வந்தது. வீட்டுத் திண்ணையிற் கூடியிருந்து பார்த்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் பட்டியலே முதுசொமாயிற்று.

பத்திராஜ 2018 சனவரியிற் காலமானார். அவரது சிங்களப் படமான 'பம்பரு அவித்' பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பொன்மணியின் பிரதி பிழைத்திருக்கிறது. ஆய்வாளரும் விழாக்காரரும் அதனை அவ்வப்போது எடுத்துக் காட்டுகின்றனர். யாழ்ப்பாணத்து வீடுகளிலோ இன்றும் பிற்பகலிற் பாசமலரே ஓடுகிறது.