மரநிலையும் இரும்புக் கதவும்

இல்லத்தின் தலைவாயிலுக்கு இரும்புக் கதவு பொருத்துவது, தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் வாழும் தமிழன்பர்களுக்குப் பழகிப்போன செய்தி. கொத்தனார் வருகிறார், வெல்டிங் வேலைக்காரர் வருகிறார், ஓரிரு நாளில் காரியம் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஊரிலிருந்து வந்து சேரும் பெரியோர்கள் அக்கதவின் முன் சற்றே தயங்கி நிற்பதை நாம் காண்கிறோம். மங்கலமான தலைவாயிலில் இரும்பா என்ற வினா அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். அதற்கு விடை கூற வேண்டுமானால், இரும்பு எந்த வழியாக நம் வாயிலுக்கு வந்து சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். அது வந்த வழிகள் இரண்டு. ஒன்று அச்சத்தின் வழி; மற்றொன்று மரப்பஞ்சத்தின் வழி.

அச்சத்தின் வழி மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் அரண்மனை வாயில் ஒன்று வருணிக்கப்படுகிறது. அதன் கதவு பருத்த இரும்பினால் பிணிக்கப்பெற்றது, செவ்வரக்குப் பூசப்பெற்றது. கைவல்ல கம்மியன் இடைவெளி சிறிதும் தோன்றாதவாறு அதனை முடுக்கிப் பொருத்தியிருந்தான். அந்த நெடுநிலைக்கு வெண்சிறுகடுகை அப்பி, நெய்யும் பூசியிருந்தார்கள் என்று அப்பாட்டு தெரிவிக்கிறது. இன்று நாம் வாசற்காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவதற்கு முன்னோடியான வழக்கம் இது என்று கொள்வதில் தவறில்லை. இரும்பு தைத்த கதவுக்கே இந்த உபசாரம் நடந்திருக்கிறது என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது. ஆகவே, இரும்பு பட்டால் வாயிலின் மங்கலம் கெடும் என்போர் முதலில் நெடுநல்வாடைக்கு விடை கூற வேண்டும்!

ஆனால் அங்கே இரும்பு, மரத்துக்குத் துணையாக வந்ததேயன்றி மரத்தை வெளியேற்றிவிட்டு வரவில்லை. பிற்காலத்துக் கோட்டை வாயில்களிலும் இதே நிலைதான். இதற்குச் சிறந்த சான்று புனே நகரில் இருக்கிறது. அங்குள்ள அன்பர்கள் பலரும் மாலை வேளைகளில் சனிவார் வாடாவின் முன் அமர்ந்து பொழுது போக்கியிருப்பார்கள். ‘வாடா’ என்றால் மராத்தியில் பெரிய வீடு. முதலாம் பாஜிராவ் 1730ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி, 1732இல் குடிபுகுந்த இல்லம் அது. மதிலும் வாயில்களும் பின்னர் எழுந்தன. வடக்கு நோக்கிய தில்லி வாயிலின் கதவுகள் கனத்த மரத்தால் ஆனவை. அவற்றின் மீது ஓரடி நீளமுள்ள கூரிய முட்கள் பதிக்கப்பட்டுள்ளன. போர் யானையின் மத்தகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு உயரத்தில் அவை நிற்கின்றன. வலப்புறக் கதவிலேயே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சிறு கதவும் உண்டு. நம் ஊர்களில் இதனைத் திட்டிவாசல் என்பார்கள். பெருங்கதவைத் திறவாமலே அன்றாடப் போக்குவரவு அதன் வழியே நடைபெற்றது. படையாக வந்தவரும் அதனுள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும்.

இத்தனை காவலும் எதற்குப் பயன்பட்டது? 1773ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், பதினெட்டே வயதான நாராயணராவ் பேஷ்வா அந்த மாளிகைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் யானை மீது வந்த பகைவர் அல்லர். சம்பளம் வாங்கிய கார்டிக் காவலரே. யானையைத் தடுத்த கதவு, வீட்டுக்குள் நடமாட உரிமை பெற்றவரைத் தடுக்கவில்லை. 1828ஆம் ஆண்டில் தீப்பற்றியபோது மாளிகை முழுதும் அழிந்தது. இன்று மதில்களையும் வாயில்களையும் அடித்தளங்களையும்தான் காண்கிறோம். வீடு போயிற்று, கதவு நிற்கிறது.

இனி இரண்டாம் வழிக்கு வருவோம். முழுக் கதவையும் இரும்பாலேயே செய்வது நெடுங்காலம் எளிதன்று. கொல்லன் உலையில் காய்ச்சி அடித்த இரும்பு ஆணியாகும், பட்டையாகும், தாழ்ப்பாளாகும். ஆளுயரத் தகடாக ஒரே சீராக நீட்டுவது கைச்சம்மட்டியால் ஆகிற வேலையன்று. உருளைகளுக்கிடையே உருக்கை நசுக்கித் தகடாக்கும் ஆலைகள் வந்த பின்னரே அது சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. நம் நாட்டில் டாடா இரும்பு உருக்குக் கம்பெனி 1907இல் நிறுவப்பட்டு, ஜம்ஷெட்பூரில் 1912இல் உருக்கு உற்பத்தியைத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னர் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய மூன்று இடங்களிலும் 1959ஆம் ஆண்டில் ஊதுலைகள் இயங்கத் தொடங்கின. பிலாய் தண்டவாளங்களுக்குப் பெயர் பெற்றது. ரூர்கேலாவோ தகடு முதலிய தட்டையான உருக்குப் பொருள்களுக்கென்றே திட்டமிடப்பட்டது. இவ்வூர்களில் தொழில் தேடிச் சென்று குடியேறிய தமிழர் பலர். தம் வீட்டு வாசலில் பிற்காலத்தில் நிற்கப்போகும் கதவுக்கான உருக்கைத் தாமே வார்த்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. தேக்கும் தேவதாருவும் அருகி விலை ஏறின. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை காடுகளைக் காப்பதே முதற்கடமை என்றது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதை 1993இல் விலக்கியது. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் ஒப்புதலின்றி வனங்களில் மரம் வெட்டலாகாது என்று கட்டுப்படுத்தியது. சர்க்கார் குடியிருப்புகளில் வசிக்கும் நம்மவர்கள், பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு மாறியபோது மரநிலை போய் உருக்கு நிலை வந்திருப்பதைக் கண்டதற்கு இதுவே காரணம். கறையான் மீதிருந்த கோபமும் சேர்ந்துகொண்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருள் மாறியபோதும் பெயர் மாறவில்லை. வாயில் நிலைக்கு இந்தியில் ‘சௌகட்’ என்று பெயர். ‘நான்கு மரங்கள்’ எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு அது. தில்லிக் கடைத்தெருவில் மரத்தூள்கூட இல்லாத உருக்கு நிலையையும் அப்பெயராலேயே கேட்டு வாங்குகிறோம். அங்குக் கதவைக் குறிக்கும் ‘கிவாட்’ என்னும் சொல்லும், நம் இலக்கியங்களில் வழங்கும் ‘கபாடம்’ என்பதும் ஒரே குடும்பம். தாழ்ப்பாளுக்கு இந்தியில் வழங்கும் பெயரைக் கேட்டுத் தமிழ்க் குழந்தைகள் சிரிப்பதுண்டு; அதனை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

உருக்கு நிலையைப் பொருத்தும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவது பயனுடையது. பெரும்பாலும் ஒன்றேகால் மில்லிமீட்டர் தகட்டை மடித்து இந்நிலைகளைச் செய்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று வீதம் இரும்புப் பிடிகளைச் சுவருக்குள் செலுத்தி, தகட்டின் பின்புறத்து வெற்றிடத்தைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் நிலை தகரப் பெட்டிபோல் ஒலிக்கும்; கீல்களும் தளரும். நிரப்புவதற்கு முன்பே தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்து, மூலைக்கு மூலை இரு குறுக்களவுகளும் சமமா என்று சோதித்தல் வேண்டும். மரநிலை சிறிது கோணினால் தச்சர் இழைத்துச் சரிசெய்வார். உருக்கு நிலை ஒரு முறை இறுகிய பின் யார் சொல்லையும் கேளாது. வெல்டிங் செய்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பிறகே வர்ணம் பூச வேண்டும். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் கதவின் அடிவிளிம்பையும் அடிக்கடி கவனிக்க வேண்டும். மழைநீரும் வாசல் தெளிக்கும் நீரும் தங்குமிடம் அதுவே.

தில்லியில் பெரும்பாலான வீடுகளில் கதவு ஒன்றன்று, இரண்டு. உள்ளே பலகைக் கதவு. வெளியே கிராதியும் வலையும் கொண்ட ‘ஜாலி’க் கதவு. கோடையில் உட்கதவைத் திறந்துவைத்தால் காற்று வரும்; கொசுவும் குரங்கும் வாரா. வந்தவர் யார் என்று வலை வழியே பார்த்துப் பேசிய பிறகே தாழை நீக்குகிறார்கள். சனிவார் வாடாவின் திட்டிவாசல் செய்த வேலையையே இது செய்கிறது. திண்ணையில் வழிப்போக்கனைப் படுக்கவிட்ட சமூகத்தில் பிறந்த நமக்கு இது முதலில் உறுத்தத்தான் செய்யும். எனினும் அயலூரில், பகலில் வயது முதிர்ந்த பெற்றோரைத் தனியே விட்டு அலுவலகம் செல்லும் குடும்பத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

குறைகூற வேண்டியது வேறொன்று உண்டு. வெளிக்கதவுக்கு இரவில் உட்புறமாகப் பூட்டுப் போட்டு, திறவுகோலைத் தலையணைக்கடியிலோ அலமாரியிலோ வைக்கும் பழக்கம் பல வீடுகளில் காணப்படுகிறது. மின்கசிவால் தீப்பிடித்துப் புகை சூழும்போது, இருளில் திறவுகோலைத் தேடுவதற்கு அவகாசம் ஏது? மரக்கதவையாவது கோடரியால் பிளக்கலாம். இரும்புக் கதவை அக்கம்பக்கத்தார் அறுத்து முடிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிடும். வெளியிலிருந்து கைவிட்டுத் திறக்க இயலாததும், உள்ளிருப்பவர் திறவுகோலின்றி ஒரே இழுப்பில் திறக்கக்கூடியதுமான தாழையே இக்கதவுக்குப் பொருத்த வேண்டும். வீட்டிலுள்ள மிக மூத்தவரின் கைக்கு அது எட்டுகிறதா, அவர் பலத்துக்கு நகர்கிறதா என்று அவரையே இழுத்துப் பார்க்கச் சொல்லி, அதன் பின்னரே வேலைக்காரருக்குக் கூலியைக் கொடுக்கலாம்.