செவிலியர் பயிற்சிக் கூட்டு: நோர்பரி வட்டாரம்

நோர்பரி, தென் லண்டனில் ஸ்ட்ரெத்தமுக்கும் தோர்ன்டன் ஹீத்துக்கும் இடையே உள்ள பகுதி. தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். இங்குள்ளோர் நாடும் பெரிய மருத்துவமனை, லண்டன் சாலையிலேயே தெற்கே இருக்கும் குரோய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை. 1885-இல் ஏழையர் நோயகமாகத் தொடங்கி, பின்னர் மேடே மருத்துவமனையாகி, 2010-இல் இப்பெயர் பெற்றது. பழைய தலைமுறைக்கு அது இன்றும் 'மேடே'தான்.

இத்தகைய மருத்துவமனையும் செவிலியர் பள்ளியும் ஒப்பந்தம் செய்துகொண்டு செவிலியரைப் பயிற்றுவிக்கும் முறை, இதே தென் லண்டனில் 1860-இல் வேர்விட்டது. கிரிமியப் போரையொட்டி மக்கள் திரட்டித் தந்த நைட்டிங்கேல் நிதி பயிற்சிப் பெண்களின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பணம் கொடுத்தது. செயின்ட் தாமஸ் மருத்துவமனை வார்டுகளைத் திறந்துவிட்டது. நாடெங்கும் பரவியபோது இம்முறையில் ஒரு பெருங்குறை முற்றியது: மாணவி, குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலையாள் ஆனாள். படிப்பு இரவுப்பணிக்குப் பிந்தியதாயிற்று.

1989-இல் தொடங்கிய 'புராஜெக்ட் 2000' திட்டம் இதை மாற்ற முயன்றது. கல்வி பல்கலைக்கழகங்களுக்கு நகர்ந்தது. வார்டில் பயிற்சி பெறும் மாணவரைப் பணியாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி வந்தது. என் மதிப்பில் இந்த வரலாற்றின் மிக நியாயமான முடிவு அதுவே. 2013 முதல் இங்கிலாந்தில் பட்டப்படிப்பே நுழைவாயில். தமிழகத்தின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியோ 1946-லேயே, தன் மருத்துவமனையை ஒட்டியே, செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது.

பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற 2,300 மணிநேரச் செயல்முறைப் பயிற்சி வேண்டும்; 2023 முதல் அதில் 600 மணிநேரம் வரை பாவனைக்கூடத்தில் கழிக்கலாம். மீதி நோயாளியருகே. மருந்து கொடுக்குமுன் மாணவர் நோயாளியின் பெயர், பிறந்த தேதியைக் கேட்டு, கைப்பட்டையோடும் மருந்து அட்டையோடும் ஒப்பிடுவார். மேற்பார்வைச் செவிலியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவருக்கு அதற்கு நேரம் இல்லையென்றால், பல்கலைக்கழகம் எத்தனை இடங்களைக் கூட்டினாலும் பயனில்லை.

2017-இல் புதிய மாணவருக்கான அரசு உதவித்தொகை நின்றதும் விண்ணப்பங்கள் சரிந்தன. 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் வந்தது. 2017-லேயே பட்டத் தொழிற்பயிற்சியும் தொடங்கியது. இதில் மருத்துவமனை சம்பளம் தருகிறது, ஊழியர் வேலையோடு படிக்கிறார். குடும்பப் பாரத்தோடு பராமரிப்பு உதவியாளராக உழைப்பவர்களுக்கு இதுவே எட்டக்கூடிய வழி. நோர்பரிக்கு அருகே, 2021-இல் லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகம் குரோய்டன் நகர மையத்திலேயே செவிலியர் வகுப்புகளைத் தொடங்கியது.