மதுரையின் வெயில் கட்டிய மலைநகரம்

சித்திரைத் திருவிழா நிறைவுற்று, அழகர் தம் மலைக்குத் திரும்பிவிட்ட பிறகு, அக்கினி நட்சத்திரத்தின் உக்கிரம் வைகை மணலையும் மாசி வீதிகளையும் ஒருசேரக் காய்ச்சும் நாட்களில், ‘கோடைக்குப் போகிறோம்’ என்று மதுரைவாசிகள் மூட்டை கட்டுவது இன்று சர்வசாதாரணமான வழக்கம். கோடைக்கானலின் சரித்திரத்தை ஆராய்ந்தால், அந்நகரத்தைத் தோற்றுவித்ததே சமவெளியின் வெயிலும் நோயுந்தான் என்பது புலனாகும். நம் பழனி மலைத்தொடரின் மீது முதல் பங்களாக்கள் எழும்பியது உயிர் பிழைக்கும் பொருட்டு.

அதற்கு முன் அம்மலை ஆளற்றுக் கிடந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகளும், பளியர்கள் தேனும் கிழங்கும் தேடித் திரிந்த வனங்களும், குன்னுவர்கள் படிப்படியாகத் திருத்திய விளைநிலங்களும், பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சந்நிதியும், 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேயர் நில அளவைக்காக ஏறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு இருந்தவை.

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமார், நோய்களுக்குத் தம்மவர் சிலரைப் பறிகொடுத்து மனங்கலங்கி, முதலில் சிறுமலையில் அடைக்கலம் தேடினர்; காய்ச்சல் அங்கும் அவர்களை விடவில்லை. ஆகவே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் 1845-இல் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். அவற்றிலிருந்து வளர்ந்ததே நகரம்.

மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து, சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள ஏரியை உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார். வண்டிப் பாதையே இல்லாத அக்காலத்தில் கடற்கரைப் படகு மலையேறியதென்றால், அதைச் சுமந்த தோள்களை நினையாமல் அந்த ஏரியைப் பார்க்க எனக்கு இயலுவதில்லை. லெவிஞ்சின் பெயருக்கு ஞாபகச் சின்னம் உண்டு. அந்தத் தோள்களுக்கு உரியோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

அந்நாளையப் பிரயாணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1875-இல் மதுரைக்கு ரயில் வந்த பின்னர், மலைக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூரில் (அதுவே பிற்காலத்தில் ‘கோடை ரோடு’ ஆயிற்று) இறங்கி, மாட்டு வண்டியில் நெடுந்தூரம் குலுங்கி, பெரியகுளத்துக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைவார்கள். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. திடகாத்திரமானவர்கள் குதிரையிலோ கால்நடையாகவோ ஏற, மாதரும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியிலோ டோலியிலோ அமர்ந்து செல்ல, அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் தலைச்சுமையாய்ப் பின்தொடரும். அடிவாரத்தில் வியர்வையால் நனைந்த உடம்பு உச்சியில் குளிரால் நடுங்கும். கம்பளியோ சுமக்கப்பட்டவருக்கே இருந்தது.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனின் நிலைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய விழைந்ததன் பயனாக 1899-இல் கோடைக்கானலில் வானாராய்ச்சி நிலையம் அமைந்ததும், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு ஆரத்திசையில் வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்னும் வானியலாளர் 1909-இல் அங்கிருந்தே கண்டறிந்ததும், 1901-இல் பாதிரிமாரின் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் தோன்றியதும், மோட்டார்ப் பாதை வருவதற்கு முந்தைய சம்பவங்கள். சமவெளியில் மழையின்றி மடிந்த ஜனங்களின் துயரம் மலையுச்சியில் ஒரு விஞ்ஞானக் கூடமாயிற்று என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1914-இல் திறக்கப்பட்ட பின்னர் டோலிகளின் காலம் மங்கிற்று, மோட்டார் ஏறியது, ஜனங்களும் பெருகினர். 1985-இல் திண்டுக்கல் ஜில்லா பிரிந்தபோது, கோடைக்கானல் மதுரையின் நிர்வாகத்திலிருந்து நீங்கிற்று. ஆயினும் பெரியகுளத்திலிருந்து வெள்ளகெவி வழியாக ஏறும் பழைய நடைபாதை மறையவில்லை. சாலை எட்டாத அவ்வூரின் ஜனங்கள், அண்மைக்காலம் வரையிலும், நோயுற்றவரை டோலி கட்டித் தம் தோள்களிலேயே சுமந்து சென்றார்கள்.